நர்ஸம்மா பதில்கள்: நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு?

சென்ற மாதம் டுரோன் மருந்தடிப்பு பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடம் போதாமல் இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே விஷயத்தைத் தொட்டவை. ஜொகூரில் நம் குளுவாங் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு சோதனை நடக்கிறது. முகத்தைப் பார்த்துப் பேர் பதியும் கருவி, குலையை எண்ணும் கைப்பேசிச் செயலி, பறந்து மருந்தடிக்கும் இயந்திரம். எதையும் ஒரே நிறுவனம் தனியாகக் கொண்டுவருவதில்லை. பல்கலைக்கழகம், கம்பெனி, அரசு இலாகா, கூட்டுறவு என்று நாலைந்து பேர் சேர்ந்து வருகிறார்கள். எல்லாருடைய காகிதத்திலும் ‘பொறுப்பு’ என்ற சொல் இருக்கிறது. அதை எப்படி உரசிப் பார்ப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே. சர்க்கரை நோய், மூட்டுவலிக் கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் வரும்.

கேள்வி: எங்கள் கூட்டுறவில் இருப்பவர்கள் எல்லாரும் ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். ஒரு பல்கலைக்கழகமும் ஒரு டுரோன் கம்பெனியும் சேர்ந்து எங்கள் நிலத்தில் களைக்கொல்லி அடித்துச் சோதனை செய்ய வருகின்றன. ‘பொறுப்பான புத்தாக்கக் கூட்டு’ என்று தலைப்புப் போட்டு நான்கு பக்க ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது? நகல் அனுப்பியிருக்கிறேன். (கூட்டுறவுச் செயலாளர், ரெங்கம்)

பதில்: தம்பி, நகலை நிதானமாகப் படித்தேன். முதல் பக்கத்தில் சின்னங்கள். இரண்டாம் பக்கத்தில் நன்மைகள். மூன்றாம் பக்கத்தில் ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வரும், படங்களை யார் வெளியிடலாம் என்ற விவரம். நான்காம் பக்கத்தில் கையெழுத்து. காற்று பலமாக அடித்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. மருந்தை யார் கலப்பது என்றும் இல்லை.

நான் முதலில் தேடியது சோதனையை நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். பல்கலைக்கழகமும் கம்பெனியும் முன்னறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. கூட்டுறவுக்கு அந்த வரி கிடையாது. மருந்து விழுகிற நிலம் உங்களுடையது, கலக்கப்போகிறவர் உங்கள் ஆள், ஆனால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. இந்த ஒன்றை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கலக்கிறவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகில் பம்பு மாட்டி அடிக்கும்போது நிறையத் தண்ணீர் பிடிக்கும். மருந்து அதில் நீர்த்துப்போயிருக்கும். டுரோன் அவ்வளவு தண்ணீரைச் சுமக்காது. அதனால் கொஞ்சத் தண்ணீரில் கலந்து கெட்டியான கரைசலாக ஊற்றுகிறார்கள். பறக்கவிடுகிறவர் தூரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பார். டாங்கியை நிரப்புவதும், பேட்டரியை மாற்றுவதும், அடைத்துக்கொண்ட முனையைக் கழற்றி வாயால் ஊதிப் பார்ப்பதும் நாள்கூலிக்கு வந்த ஆள்தான். ‘டுரோன் வந்தால் மனிதன் மருந்தைத் தொட வேண்டியதில்லை’ என்ற வரி உங்கள் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அடிக்கிறவருக்கு அது உண்மை. கலக்கிறவருக்கு நேர்மாறு. அவருக்கு என்ன வகைக் கையுறை, யார் வாங்கித் தருவது, டாங்கி கழுவிய தண்ணீர் எந்த லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) போகிறது, அந்த லோங்காங் யார் வீட்டுக் கிணற்றுப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் காகிதத்தில் வர வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்த காலத்தில் மருந்தடிக்கும் பெண்கள் வருவார்கள். கையை விரித்துக் காட்டச் சொன்னால் நகம் வெளுத்து, குறுக்கே பள்ளம் விழுந்து, சிலருக்கு அடியிலிருந்து கழன்றுகொண்டிருக்கும். மூக்கில் இரத்தம் வடிகிறது என்று வேறு நோய்க்கு வந்தவர்கள்போல் சொல்வார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அது. நீல நிறத்தில் இருக்கும். அதுவும் ஒரு காலத்தில் புதுமைதான். கைக்கத்தியும் மண்வெட்டியும் வேண்டாம், அரை நாளில் களை கருகிவிடும் என்று சொல்லித்தான் அது தோட்டங்களுக்குள் வந்தது.

2002இல் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். அத்தனை வருடமும் மருந்து செய்கிறவர்கள் பேசினார்கள், தோட்டக்காரர்கள் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள். நகம் கழன்ற பெண்களை அந்த மேசைக்கு யாரும் அழைத்ததாக எங்கள் லயத்தில் யாருக்கும் நினைவில்லை. 2002இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் ஆசிய பசிபிக் வலையமைப்பும் சேர்ந்து அந்தப் பெண்களிடம் நேரில் போய்க் கேட்டு அறிக்கை வெளியிட்டன. தெனாகானித்தாவைத் தொடங்கியவர் இரீன் பெர்னாண்டஸ். அந்த அறிக்கையில் வந்த உடம்புக் கோளாறுகள் எங்கள் கிளினிக் நோட்டில் நாங்கள் எழுதி எழுதி மேலே அனுப்பியவைதான். மேலே போனது எங்கே நின்றது என்று இன்றுவரை எனக்குக் கோபம் உண்டு.

சரி, உங்கள் காகிதத்துக்கு வருவோம். டுரோன் மருந்து மட்டும் அடிக்காது, படமும் எடுக்கும். எந்த மரத்தில் எத்தனை குலை, எந்தப் பகுதியில் சத்துக் குறைவு எல்லாம் தெரிந்துவிடும். அந்த விவரம் யாருடைய சொத்து? பழம் வாங்கும் முகவர் கையில் அது போனால் அடுத்த மாதம் விலை பேசும்போது உங்கள் கை தாழ்ந்துவிடும். ‘கூட்டுறவின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குத் தரக்கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மருந்து 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவானதா, வானிலிருந்து அடிப்பதற்கு அனுமதி உள்ளதா, பறக்கவிடுகிறவரிடம் வான்போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். நேர்மையாக வந்தவர்கள் உடனே எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம், இந்த வாரமே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம் போடுங்கள். உறுப்பினர்களோடு, குலை வெட்டுகிற இந்தோனேசியரும் வங்காளதேசியும் வரட்டும். நிலத்தை ஒட்டிக் கீரை போட்டிருப்பவர்களும் மாடு வைத்திருப்பவர்களும் வரட்டும். கம்பெனிக்காரர் எல்லார் முன்னாலும் நின்று தமிழிலோ மலாயிலோ விளக்கட்டும். அந்தக் கூட்டத்தில் வரும் கேள்விகளில் பாதி உங்களுக்கும் எனக்கும் தோன்றியே இருக்காது.

கேள்வி: பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு கொண்டுவந்ததற்கு உதாரணம் வேண்டும், இடுபணிக்காக. கிடைப்பதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா. மலேசியாவில் ஏதாவது உண்டா அம்மா? (ஆறாம் படிவ மாணவி, குளுவாங்)

பதில்: மகளே, தூரம் போக வேண்டாம். உன் ஊர்ப் பெயரே அந்த வரலாற்றில் இருக்கிறது.

செம்பனை நம் மண்ணின் மரம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வணிக முறையில் இங்கே முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்தது, அதன் பூவோடு வாழும் பூச்சி கூட வரவில்லை. பெண் பூவுக்கு மகரந்தம் போதாமல் குலையில் நிறையக் காய் பிடிக்காமல் போகும். அதற்காகத் தோட்டங்களில் ஆள் வைத்து, ஆண் பூவின் தூளைச் சேகரித்து, டால்க் பவுடரோடு கலந்து, ஒவ்வொரு பெண் பூவுக்கும் ஊதுவார்கள். என் அம்மா அந்த வேலை செய்தவர். முள் மட்டைகளுக்கு நடுவே கையை நுழைத்து, பூ ஏற்கும் நிலையில் இருக்கிற கொஞ்ச நாளைக்குள் ஊதிவிட வேண்டும். சட்டைக் கையெல்லாம் கீறல், தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அந்நாளில் நிபுணர்கள் நம்பினார்கள். யூனிலீவர் குழுமத்தின் தோட்டப் பிரிவில் இருந்த லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே பூக்களில் பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரகுமான் சையதை கேமரூனுக்கு அனுப்பி ஆராய ஏற்பாடு செய்தார். சையது கண்டுபிடித்தது ஒரு சின்ன மூக்கு வண்டு. நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், கரும்பழுப்பு நிறம். எலைடோபியஸ் கமெருனிக்கஸ் என்று பெயர். ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை அடிக்கும். தோட்டத்துக்குப் போனால் நீயே கிட்டத்தில் நின்று முகர்ந்து பார். வண்டு அந்த வாசனைக்கு வந்து அங்கேயே தின்று, வாடிய ஆண் பூவில் முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் விட்டு விட்டு அதே வாசனை வீசும். அதை நம்பி வருகிற வண்டு உடம்பில் ஒட்டிய தூளை அங்கே விட்டுவிட்டுப் போகும்.

உன் இடுபணிக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான். வண்டைத் திறந்துவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. அது ரப்பரையோ தென்னையையோ தின்னத் தொடங்கினால் நாடே தாங்காது. அதனால் வேறு பயிர்களில் விட்டு, அங்கே உயிர் வாழ்கிறதா, பெருகுகிறதா என்று சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூ இல்லாமல் அதனால் இனம் பெருக்க முடியவில்லை என்று தெரிந்தது. நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடாமல் இருக்கத் தனிமைக் கூடத்தில் வைத்து வளர்த்தார்கள். விவசாய இலாகா அனுமதித்த பிறகே, 1981 பிப்ரவரியில், குளுவாங் மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். பணம் போட்டது கம்பெனி, ஆராய்ந்தது வெளி அமைப்பின் விஞ்ஞானி, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இந்த இருவரிடமும் இல்லாமல் அரசு இலாகாவிடம் இருந்தது. இந்த மூன்றும் மூன்று கையில் இருந்ததை நான் மிக மதிக்கிறேன். வண்டு வேகமாகப் பரவியது; காய்ப்பிடிப்பு நன்றாக உயர்ந்தது. பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் சேர்ந்து பெருகி ஆலைகளில் பருப்புப் பிரிக்கும் பகுதி திணறியது. அதை யாரும் எதிர்பார்த்துத் தயாராக இருக்கவில்லை.

இன்னொன்றையும் எழுது. வண்டு வந்ததும் ஊதும் வேலை போயிற்று. மற்றப் பயிருக்கு ஆபத்தா என்று கேட்டவர்கள், ஊதிக்கொண்டிருந்த பெண்கள் நாளைக்கு என்ன செய்வார்கள் என்று எங்கள் லயத்தில் வந்து கேட்கவில்லை. ஒரு காலை பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில், மண்டோர் (மேற்பார்வையாளர்) பேர் கூப்பிட்டபோது அம்மாவை மருந்தடிக்கும் கும்பலில் சேர்த்திருந்தார்கள். மேலே ரெங்கம் செயலாளருக்கு எழுதியிருக்கும் பதிலை அதோடு சேர்த்துப் படி. உன் இடுபணியில் இந்த இரண்டு பக்கமும் வந்தால்தான் அது முழுமை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் குத்தகைக்காரர் பெரட்டில் முகத்தைப் படம் எடுத்துப் பேர் பதிகிறார். முன்னால் விரல் ரேகை வைத்தோம், பலருக்கு அது படியவில்லை. இப்போது சில பெண்களின் முகமும் படிவதில்லை. அன்றைய கூலி நின்றுபோகிறது. கேட்டால், பெரிய கம்பெனிகள் சேர்ந்து செய்த கருவி, தப்பாகாது என்கிறார். (வாசகி, லாயாங்-லாயாங்)

பதில்: அம்மா, ரேகை படியாததற்குக் காரணம் உங்கள் உழைப்பு. உரம் அள்ளி, அரிவாள் பிடித்து, பால் வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை மங்கிப்போகும். மேசை வேலைக்காரர் விரலில் சோதித்துச் செய்த கருவிக்கு அது தெரியாது.

முகம் தப்பாகாது என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஐபிஎம், மைக்ரோசாப்ட் இரண்டும் அதில் அடக்கம். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை மிகமிகக் குறைவு, அதிகம் போனால் 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போயிற்று. ஆய்வு வெளிவந்த பிறகு கம்பெனிகள் மென்பொருளைத் திருத்தின. வெளியிலிருந்து ஒருவர் அளந்து காட்டினால்தான் சில பிழைகள் கண்ணில் படும். நம் பெண்கள் விடிகாலை இருட்டில், தலையில் துண்டும் தொப்பியுமாக நிற்கிறவர்கள். அவர்கள் முகத்தில் இந்தக் கருவியை யாராவது சோதித்தார்களா என்று குத்தகைக்காரரைக் கேளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முகம், ரேகை போன்ற உடல் அடையாளங்களை ‘உணர்வுபூர்வமான தரவு’ என்ற பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தரவை வாங்க உங்கள் வெளிப்படையான சம்மதம்தான் பொதுவான வழி. எதற்காக எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழில் வேண்டுமென்றால் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும், கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது படத்தை அழிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முந்தியது கூலி. கருவி படிக்காத நாளில் மண்டோர் நோட்டில் கையெழுத்து வாங்கிக் கூலி கொடுக்க வேண்டும் என்று நாளைக்கே பேசுங்கள். பேர் விடுபட்ட பெண்கள் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கருவி பழுதானால் அந்த நட்டம் கருவி வைத்தவரைச் சேர வேண்டும்.

கேள்வி: கம்பெனிகளே ஒன்றுகூடி ‘பொறுப்பான தொழில்நுட்பம்’ என்று விதி எழுதுவது வேலியே பயிரை மேய்கிற கதை இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிம்பாங் ரெங்கம்)

பதில்: ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனாலும் முழுவதும் தள்ளிவிட முடியாது. தொழில்நுட்பத்தின் உள்விவரம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தாங்களாகவே நிறுத்திய சம்பவமும் உண்டு. மரபணுவை வெட்டி ஒட்டும் முறை புதிதாக வந்தபோது, 1974இல் பால் பெர்க் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் கடிதம் எழுதி, சில சோதனைகளை நிறுத்திவைக்கும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வகுத்தார்கள். மறுவருடம் அமெரிக்க அரசின் வழிமுறைகள் வந்தன.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 1976இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சிக்குக் கூடம் கட்டப்போனது. எங்கள் ஊரில் எங்களைக் கேட்காமலா என்று நகர மன்றம் கேட்டது. ஆராய்ச்சியை நிறுத்திவைத்து, சாதாரண நகரவாசிகளைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. எண்ணெய் வியாபாரம் செய்த ஒருவர் தலைவர். குழுவில் ஒரு நர்ஸும் இருந்தார். மாதக்கணக்கில் விஞ்ஞானிகளை வரவழைத்து, புரியும்வரை கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஆராய்ச்சி நடக்கட்டும், ஆனால் இன்னின்ன கூடுதல் பாதுகாப்போடு என்று பரிந்துரைத்தார்கள். 1977இல் அது நகரச் சட்டமானது. விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் இந்தக் குழுவைச் சொல்லுங்கள். அந்நகரம் இன்று உயிர்த்தொழில்நுட்பத்தில் உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவில் 2016இல் அமேசான், பேஸ்புக், கூகுள், டீப்மைண்ட், ஐபிஎம், மைக்ரோசாப்ட் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களும் உரிமை அமைப்புகளும் பின்னால் சேர்ந்தன. செயற்கையாக உருவாக்கும் படம், குரல், காணொளிகளுக்கான நடைமுறைகளை அது 2023இல் வெளியிட்டது. அதே கூட்டமைப்பிலிருந்து ஆக்சஸ் நௌ என்ற உரிமை அமைப்பு 2020இல் விலகியது. பேசிப் பேசியும் உறுப்பினர் கம்பெனிகளின் போக்கு மாறியதற்கான சான்று கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மேசையில் நாற்காலி கிடைப்பது வேறு, பேச்சுக்கு எடை கிடைப்பது வேறு.

நம் வீட்டு வாசலுக்கு வந்தாலும் இதே நிலைதான். நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய் வட்டமேசை 2004இல் தொடங்கியது. அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. தோட்டக்காரர், ஆலை மற்றும் வணிகர், பொருள் செய்வோர், சில்லறைக் கடையினர், வங்கி, சுற்றுச்சூழல் அமைப்பு, சமூக அமைப்பு என்று ஏழு வகை உறுப்பினர். தொழிலாளர் என்று தனி வகை இல்லை; சமூக அமைப்புகள் வழியாகத்தான் அவர்கள் குரல் போக வேண்டும். நம் அரசு 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவுக்கு ஏழு நெறிகள் கொண்ட தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. நல்ல நெறிகள். ஆனால் பின்பற்றுவது அவரவர் விருப்பம். ஆகவே ஐயா, விதி எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது, எழுதாமல் விடுபட்டவர் யார் என்று பாருங்கள்.

கேள்வி: மகள் ஷா ஆலமில் இருக்கிறாள். டிங்கிக்காகக் கொசுவையே வளர்த்து வெளியே விடுகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகி, பாலோ)

பதில்: பயப்பட வேண்டாம் அக்கா, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதுதான். இரண்டு வேறு விஷயம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மரபணு மாற்றிய கொசு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆக்சிடெக் என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் சேர்ந்து செய்த சோதனை. உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதியோடு 2010 டிசம்பரில் பகாங்கில் பெந்தோங் பக்கம், ஆள் குடியில்லாத காட்டில் ஏறக்குறைய 6,000 ஆண் கொசுக்களை விட்டார்கள். பத்திரிகையில் அறிவிப்புப் போட்டுக் கருத்துக் கேட்டிருந்தார்கள், சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கொசு விட்டாயிற்று என்ற செய்தி வெளியில் வந்தது 2011 ஜனவரி கடைசியில். சுற்றியுள்ள மக்களுக்கும் பயனீட்டாளர் சங்கங்களுக்கும் அது பெரிய மனக்குறை. குடியிருப்புப் பகுதியில் செய்வதாக இருந்த சோதனை அதற்கப்புறம் நடக்கவில்லை.

இன்னொன்று வோல்பேக்கியா. இயற்கையிலேயே பல பூச்சிகளில் இருக்கும் பாக்டீரியா அது. ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் டிங்கி வைரஸ் சரியாக வளராது. இங்கே மரபணுவை மாற்றுவதில்லை. அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்தது. நம் வெயிலைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை ஷா ஆலம், கெராமாட் ஏயூ2 போன்ற குடியிருப்புகளில் முதலில் மக்களைக் கூட்டிப் பேசி, சம்மதம் கேட்டு, அப்புறம்தான் விட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி அந்த இடங்களில் டிங்கி 40 சதவீதம் குறைந்தது. சில இடங்களில் புகையடிப்பதையே நிறுத்த முடிந்தது.

மகளின் குடியிருப்புச் சங்கத்தில் விளக்கக் கூட்டம் நடந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் சுகாதார இலாகாவிடம் கேட்டு வாங்கலாம். வீட்டு வாசலில் ஏடிஸ் முட்டையிடும்படி தேங்கும் தண்ணீரைக் கொட்டுவதையும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: இயந்திரம் வந்தால் குலை வெட்டுகிறவனுக்கு வேலை இருக்குமா? (குலை வெட்டும் தொழிலாளி, யோங் பெங்)

பதில்: தம்பி, உயர்ந்த மரத்தில் குலை வெட்டும் முழு இயந்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ என்ற இயந்திரக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் ஆள் வேண்டும். அரசும் பெரிய தோட்ட நிறுவனங்களும் சேர்ந்து ‘மார்கோப்’ என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பை வைத்து இயந்திரமயத்துக்கு வழி தேடுகின்றன. இயந்திரம் வருவது நல்லதுதான், உங்கள் தோள்பட்டையை நினைத்தால் இன்னும் சீக்கிரம் வரவேண்டும் என்பேன். ஆனால் அதை இயக்கும் பயிற்சி முதலில் இப்போது வெட்டுகிறவருக்கே, அதிகம் வெட்டினால் கூலி எப்படிக் கணக்கு என்பதெல்லாம் கூட்டு ஒப்பந்தத்தில் வர வேண்டியவை. 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருப்பதே அதற்காகத்தான். நீங்கள் உறுப்பினரா என்று எழுதவில்லையே. இல்லையென்றால் சேருங்கள்.

கேள்வி: டுரோன் மருந்தடிக்கும்போது அடியிலேயே நின்று உதிரிப்பழம் பொறுக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் வேலை போய்விடுமா? (பெயர் வேண்டாம், ரெங்கம்)

பதில்: தங்கச்சி, நிற்காதே. உடனே விலகு.

1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 26ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். விலகியதற்காகத் தண்டிக்கக் கூடாது. அதனால் முதலில் மண்டோரிடம் சொல், கூட நிற்கிறவர்கள் காதில் விழும்படி சொல். தலைக்கு மேல் டுரோன் பறப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வை.

40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தே ஆக வேண்டும். 100 பேருக்கு மேல் என்றால் அதில் தொழிலாளர் தரப்பில் குறைந்தது நான்கு பேர் வேண்டும், குறைவென்றால் இரண்டு பேர். உங்கள் தோட்டத்தில் அந்த நான்கு பேர் யார் என்று விசாரி. உதிரி பொறுக்கும் பெண்களில் ஒருவர்கூட இல்லையென்றால் அடுத்த தடவை உன் பெயரையே கொடு. மருந்தடிக்கும் நாளும் நேரமும் முதல் நாள் பெரட்டிலேயே சொல்ல வேண்டும், அந்தப் பகுதியில் அன்றைக்கு வேறு வேலை இருக்கக்கூடாது என்று குழுவில் எழுதி வைக்கச் சொல். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலிடப் பாதுகாப்புச் சுகாதார இலாகாவின் ஜொகூர் அலுவலகத்துக்கு எழுதலாம். கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகை அலுவலகத்தில் இருப்பேன். படத்தையும் அன்று பெரட்டில் இருந்தவர்கள் பெயரையும் கொண்டு வா.